பழைய ரேசரைக் குத்துவிளக்கு போலத் துலக்காதீர்கள்

கீழக்கரை, பாம்பன் பக்கத்துப் பழைய வீடுகளில் தகரப் பெட்டியைத் திறந்தால் இன்னும் சில சமயம் இருபக்கப் பிளேடு ரேசர் ஒன்று கிடைக்கிறது. என் தாத்தாவுடையது அவர் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. அது கைக்கு வந்த அன்றே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மேல்தகட்டின் விளிம்பில் மஞ்சள் தெரிந்த பிறகுதான் கையை எடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. எத்தனை முறை துலக்கினாலும் பித்தளைதான் தெரியும். பழைய ரேசர்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. பித்தளையின் மேல் தலைமுடியைவிட மெல்லிய நிக்கல் முலாம் இருக்கிறது. புளி, எலுமிச்சை, இரவு முழுக்க வினிகரில் ஊறவைப்பது, பற்பசை, இரும்பு நார், உப்புத்தாள் எல்லாமே அதற்குப் பகை. போன முலாம் வீட்டில் திரும்பாது.

இவ்வளவு பாடுபடத் தேவையும் இல்லை. பித்தளை துருப்பிடிப்பதில்லை. பழுப்பாகத் தெரிவது பழைய பிளேடிலிருந்து ஒட்டிய துரு. வெள்ளையாகப் படிந்திருப்பது நம் ஊர்க் கடின நீரில் திரிந்த சோப்பு. பிளேடை எடுத்துவிட்டு, பாகங்களைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள். மரையிடுக்கில் பச்சைக் களிம்பு இருந்தால் பல்குச்சி போதும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் கைப்பிடி வளைந்துவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசலும் வேண்டாம்.

கைப்பிடியைத் திருகினால் கதவு போலத் திறக்கும் வகை இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு ஓர் இரவு பொறுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

அடுத்தது நம் கரைக்கே உரிய தவறு. உப்புக்காற்று உலோகத்தை அரிப்பதை ஆராய, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பாம்பனுக்கு அடுத்த மண்டபம் ஊரில் ஒரு நிலையமே நடத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட காற்றில், உவர்க் கிணற்று நீரில் அலசிய ரேசரை ஈரத்தோடு ஜன்னலோரம் வைப்பது அதை மெல்லக் கொல்வதுதான். கடைசி அலசல் குடிநீரில் இருக்கட்டும். துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

சவரத்துக்கு முன் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு புதுப் பிளேடு. 1904இல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற அமைப்பின் உயிரே, மெல்லிய பிளேடைத் தகடுகளுக்கிடையே அசையாமல் இறுக்கிப் பிடிப்பதில் இருக்கிறது. எப்போதோ கீழே விழுந்து தலை கோணியிருந்தால் அந்தப் பிடி கெட்டுவிடும். வெளிச்சத்தில் பிடித்து இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கத்தில் பிளேடு அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு பளபளத்தாலும் அதை முகத்தில் வைக்காதீர்கள்.