கோடு அழிந்த இடத்திலும் கோடு போட வைப்பது

சாலைப் படத்தில் லேன் கோடுகளைக் கண்டுபிடிக்க நான் பயிற்சி கொடுத்த முதல் மாடல் 97 சதவீதத் துல்லியம் காட்டியது. குஷியாக அது வரைந்த படத்தைத் திறந்தேன்; மூலைக்கு மூலை கறுப்பு. ஒரு கோடுகூடப் போடவில்லை. அந்தப் படங்களில் கோட்டுக்குரிய பிக்சல் நூற்றுக்கு மூன்றுதான், மீதி எல்லாம் பின்னணி. கண்ணை மூடிக்கொண்டு ‘எங்கேயும் கோடு இல்லை’ என்றாலே 97 வந்துவிடும். அதனால் பிக்சல் துல்லியம் என்ற எண்ணை முதல் நாளே திரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மெஷின் லேர்னிங்கைத் தொடும் முன் ஒரு மாலை மட்டும் ஓபன்சிவி என்ற பட ஆய்வு நிரல் தொகுப்போடு உட்காருங்கள். கேனி முறையில் விளிம்புகளை எடுத்து, ஹஃப் உருமாற்றத்தால் நேர்கோடுகளைத் தேடுங்கள். (இயற்பியலில் குமிழி அறை என்ற கருவியில் எடுத்த படங்களில் துகள்கள் ஓடிய தடத்தைப் பிடிக்க பால் ஹஃப் யோசித்த முறை அது; 1962இல் காப்புரிமை பெற்றது.) நல்ல வெளிச்சத்தில், நேரான சாலையில் அழகாக ஓடும். விளக்குக் கம்பத்தின் நிழல் விழுந்ததும் அதையும் கோடு என்று சொல்லும், வளைவில் தடுமாறும். எங்கெங்கே சொதப்புகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு நீங்கள் கற்பிக்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

டேட்டாவுக்கு, டூசிம்பிள் தொகுப்பில் 6,408 படங்கள் உண்டு. பெரும்பாலும் பகல் நேர நெடுஞ்சாலை. கை பழக நல்லது, அதில் மதிப்பெண் வாங்கிப் பெருமைப்பட வேண்டாம். சியூலேன் வேறு ரகம்: பெய்ஜிங்கில் ஓடிய வண்டிகளில் எடுத்த 1,33,235 படங்கள். சோதனைப் படங்களை நெரிசல், இரவு, நிழல், வளைவு என்று ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு வகையின் பெயரே ‘கோடு இல்லை’. பெயிண்ட் தேய்ந்துபோன சாலை. ஆனாலும் கோடு எங்கே ஓட வேண்டுமோ அங்கே குறித்திருக்கிறார்கள்.

நீங்களே குறிக்கும்போதும் அப்படித்தான் செய்ய வேண்டும். விட்டுவிட்டுப் போட்ட கோடாக இருந்தால் இடைவெளியையும் சேர்த்து ஒரே கோடாக இழுங்கள். லாரி மறைத்தால் லாரிக்கு ஊடாகவே இழுங்கள். நான் முதலில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்த இடத்தை மட்டும் கவனமாக நிரப்பினேன். மாடல் பெயிண்டைக் கற்றது, லேனைக் கற்கவில்லை. மூன்று வாரக் குறிப்பைத் தூக்கிப் போட்டேன். இன்னொன்று, தொடுவானம் வரை குறிக்க ஆசைப்படாதீர்கள். அந்த உயரத்தில் ஒரு பிக்சல் தவறினாலே சாலையில் பல மீட்டர் தவறும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களைக் குலுக்கிப் பிரிப்பதுதான் அடுத்த கண்ணி. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்கள் கிட்டத்தட்ட ஒரே படம். ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் போனால், விடைத்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போல. வீடியோ வீடியோவாகப் பிரியுங்கள். முடிந்தால் சாலை சாலையாக. மதிப்பெண் சரியும், சரியட்டும்.

மாடல் தேர்வில் அதிகம் மெனக்கெட வேண்டாம். முன்பே பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-18 என்ற பட நெட்வொர்க்கை அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு பிக்சலும் கோடா இல்லையா என்று சொல்லும் யூநெட் மாடலைக் கட்டினால் ஆரம்பத்துக்குப் போதும். மாடல் எவ்வளவு தவறுகிறது என்று அளக்கும் லாஸில் பின்னணியின் எடையை 0.4 ஆகக் குறைத்து, வரைந்த கோடு உண்மைக் கோட்டோடு எவ்வளவு ஒன்றுகிறது என்று பார்க்கும் டைஸ் லாஸையும் சேர்க்கிறேன்; முழுக் கறுப்புப் படம் அதோடு நின்றது. வேகம் போதாவிட்டால், ஒவ்வொரு பிக்சலையும் கேட்பதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட வரிசைகளில் மட்டும் ‘கோடு எந்தக் கட்டத்தில்?’ என்று கேட்கும் முறைக்கு மாறுங்கள். 2020இல் வந்த அல்ட்ரா ஃபாஸ்ட் லேன் டிடெக்‌ஷன் அந்த வழிதான்.

படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பயிற்சி கொடுக்கலாம். ஆனால் கோடுகளுக்கு இடமிருந்து 1, 2, 3, 4 என்று எண் கொடுத்திருந்தால் எண்களையும் திருப்ப மறக்காதீர்கள். நான் மறந்தேன். லாஸ் ஓரளவு இறங்கி அங்கேயே நின்றது. காரணம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

கிடைத்த புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தும்போது, yக்கு (படத்தில் உயரம்) x (பக்கவாட்டு இடம்) என்ன என்று எழுதுங்கள். பழக்கதோஷத்தில் xக்கு y என்று எழுதினால், செங்குத்தாக நிற்கும் கோட்டில் சமன்பாடு வெடித்துவிடும். இரண்டாம் படிச் சமன்பாடு பெரும்பாலும் போதும். முந்தைய சில ஃபிரேம்களோடு சராசரி எடுத்தால் நடுக்கம் அடங்கும்; அதிகம் எடுத்தால் வண்டி லேன் மாறும்போது கோடு பின்தங்கும். புள்ளிகள் குறைவாக இருந்தால் கோடே போடாமல் ‘தெரியவில்லை’ என்று சொல்ல வையுங்கள். ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை, தவறான கோட்டைவிட அது எவ்வளவோ மேல்.

மதிப்பிட சியூலேன் முறை பிடித்திருக்கிறது: ஒவ்வொரு கோட்டையும் 30 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, அதுவும் உண்மைக் கோடும் சேர்ந்து மூடும் பரப்பில் 0.5 பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி என்று கொண்டு, எஃப்1 (தவறாகப் போட்ட கோடு, விட்டுப்போன கோடு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண்) கணக்கிடுவார்கள். ஒட்டுமொத்த எண்ணைவிட வகைவாரி எண்களைப் பாருங்கள்.

எனக்கு மழை இரவுப் படங்களின் எண் மட்டும் ஏறவே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், சாலை விரிசலை அடைக்க ஊற்றிய தார், எதிர்வண்டி வெளிச்சத்தில் வெள்ளைக் கோட்டைவிடப் பளிச்சென்று மின்னியது. மாடல் அதைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் வரை போயிருந்தது. அப்படிப்பட்ட ஃபிரேம்களை இருநூறு தேடி எடுத்து, தாரை விட்டுவிட்டு, மங்கிக் கிடந்த உண்மைக் கோட்டை மட்டும் குறித்துப் பயிற்சியில் சேர்த்தேன். பகல் நேரத்து எஃப்1 அசையவே இல்லை. மழை இரவில் தாரை விட்டுவிட்டது.