எக்செல் கட்டத்தில் மாங்காய் லாரி

காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளைப் பார்த்து வளரும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காகச் செய்த விளையாட்டு இது. எக்செல் உள்ள கம்ப்யூட்டரும் ஓரங்கட்டிய யுஎஸ்பி கீபோர்டும் போதும்.

முதலில் எக்செல் கட்டங்களைச் சதுரமாக்குங்கள். சுவர் வரும் கட்டங்களில் முழுக்கறுப்பை நிரப்புங்கள். சாம்பல் நிறம் கலந்தால் வேலைக்காகாது. நடுவே வளைந்து போகும் பாதை. பி2 கட்டம்தான் லாரி கிளம்பும் தோப்பு, பாதை முடியும் மஞ்சள் கட்டம் ஆலை. அம்புக்குறி அழுத்தினால் நகரும் பச்சைச் சட்டம்தான் லாரி.

ஆல்ட்டோடு எஃப்11 அழுத்துங்கள். மேக்ரோ, அதாவது எக்செலுக்கான கட்டளை, எழுதும் ஜன்னல் திறக்கும். இடப்பக்கம் ஷீட்டின் பெயரை இருமுறை கிளிக் செய்து, மேலே ஒர்க்‌ஷீட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் செலக்‌ஷன்சேஞ்ச் என்ற பகுதி தானே வந்துவிடும். லாரி கட்டம் மாறும்போதெல்லாம் இது ஓடும். அதற்குள் ஒரே வரி, ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்: இஃப் டார்கெட்.இன்டீரியர்.கலர் = விபிபிளாக் தென் ரேஞ்ச்("பி2").செலக்ட். சுவரில் இடித்த லாரி தோப்புக்கே திரும்பும். மேக்ரோ உள்ள ஃபைலாகவே சேவ் செய்யுங்கள்.

இனி கீபோர்டு. ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் கோடு போட்ட பிளாஸ்டிக் தாள்களும் ஒரு சின்ன போர்டும் இருக்கும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் மேல் தாளில் ஒரு கோடு, கீழ்த் தாளில் ஒரு கோடு. இரண்டும் போர்டின் ஓரத்தில் வரிசையாக உள்ள பற்களில் எந்தப் பல்லைத் தொட்டு முடிகின்றன என்று விரலால் தடவிக்கொண்டே போய்க் குறித்துவையுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. பிறகு குறித்த பற்களில் ஈயம் வைத்து ஒயரைப் பற்றவையுங்கள், ஒரு அம்புக்குறிக்கு ஒரு ஜோடி. என் போர்டில் பல்லின் மேல் கரி பூசியிருந்தது. பிளேடால் சுரண்டிச் செம்பு தெரிந்த பிறகுதான் ஈயம் பிடித்தது. கீபோர்டைக் கம்ப்யூட்டரில் திரும்பச் சொருகி, ஒரு ஜோடி ஒயர் நுனிகளை ஒன்றோடொன்று தொட்டேன். லாரி ஒரு கட்டம் நகர்ந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார்.

ஒயருக்குப் பதில் மாங்காயையே தொட்டு விளையாடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெங்களூரா மாங்காயைக் குத்திப் பார்த்தோம், நகரவில்லை. காயின் சாறு மின்சாரத்தை அவ்வளவு தடுக்கிறது. 2012ல் வந்த மேக்கி மேக்கி போர்டு பழத்துக்கும் வேலை செய்யும். அதில் 22 மெகா ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் துளி மின்சாரமே போதும். நமக்குச் சாப்பாட்டு பார்சல் ஃபாயில்தான் சரி.

காலால் மிதித்து விளையாட ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு மிதி அட்டை செய்யுங்கள்: மாங்காய்ப் பெட்டி அட்டையில் இரண்டு துண்டு, உள்பக்கம் ஃபாயில், நடுவே ஓரங்களில் மட்டும் ஸ்பாஞ்ச். ஃபாயிலில் ஈயம் ஒட்டாது, ஜோடியில் ஆளுக்கொரு ஃபாயிலாக ஒயரை டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஒரு விரல் கனமாவது வேண்டும். நான் மெல்லியதாக வைத்ததில் அட்டை ஒட்டிக்கொண்டு, சுவர் இல்லாத பக்கமாக லாரி நிற்காமல் ஓடியது. அதனால் சுற்றிலும் கறுப்பு வேலி போடுங்கள். நாலு அட்டையையும் பாண்டிக் கட்டம்போலப் பரப்பித் தரையோடு டேப் போடுங்கள், சிமென்ட் தரையில் வழுக்கும்.