பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சரியான ஹெட்லைட் பல்பு எது?

புதுச்சேரியிலோ கடலூரிலோ உதிரிபாகக் கடையில் ஹெட்லைட் பல்பு கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன வண்டி?" என்பதுதான். இன்று ஓடும் கார்களுக்கு அந்தக் கேள்வி போதும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் போதாது. 1989-இல் வெளிவந்த மஸ்தா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவில் விற்கப்பட்ட வண்டிகளில் பல்பைத் தனியே கழற்ற முடியாத 7 அங்குல சீல்டு பீம் இருந்தது. அதன் பிறகு யாரோ ஒரு உரிமையாளர் அதை எடுத்துவிட்டு, பல்பைத் தனியே மாற்றக்கூடிய எச்4 விளக்கு மாட்டியிருக்கலாம். ஆகவே காரின் பெயரை ஒதுக்கிவிட்டு, இப்போது வண்டியில் இருக்கும் விளக்கைப் படிக்க வேண்டும்.

ஐரோப்பிய விதிப்படி செய்யப்பட்ட விளக்கானால், கண்ணாடியிலேயே குறி வார்க்கப்பட்டிருக்கும். 'எச்சிஆர்' என்றிருந்தால் டிம், பிரைட் இரண்டுக்குமான ஹாலோஜன் விளக்கு. 'எச்ஆர்' என்றால் பிரைட் மட்டும். அருகில் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால், அது நம்மைப் போல் இடப்புறம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்புறம் ஓட்டும் நாட்டு விளக்கு. அதில் எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைத்தான் கூசச் செய்யும். அப்போது மாற்ற வேண்டியது பல்பை அல்ல, விளக்கை.

அடுத்ததாக, பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எச்4 பல்பில் இரண்டு ஃபிலமெண்ட்டும், அடியில் ஒரே ஒரு விதமாக மட்டும் பொருந்தும் மூன்று காதுகளும் இருக்கும். அளவு 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. எச்1, எச்7 இரண்டிலும் ஒற்றை ஃபிலமெண்ட், 55 வாட். ஆனால் அடிப்பகுதி வேறு. எச்பி3, எச்பி4 இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆனால் காதுகளின் அமைப்பு மாறும். பொருந்தாத காதை அரத்தால் தேய்த்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையில் பல்பு மாட்டாதீர்கள். ஃபிலமெண்ட் தன் இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே ஒளிக்கற்றை சிதறிவிடும். எச்4 பல்பில் டிம் ஃபிலமெண்ட்டின் கீழ் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கிறது; மேல்நோக்கிப் போகும் ஒளியைத் தடுப்பது அதுதான் என்பதால், அது கோணலாக உட்கார்ந்தால் டிம் அடித்தும் பயனில்லை. எல்இடி பல்புகளிலும் இதே சிக்கல்தான்: ஃபிலமெண்ட்டுக்காகச் செதுக்கிய ரிஃப்ளெக்டரில் அவை பெரும்பாலும் ஒழுங்கான கற்றையைத் தருவதில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்புக்குத் தாவுபவர்களே அதிகம். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு எட்டுக்கும் மேல் இழுக்கும். ரிலே (ஸ்விட்சுக்குப் பதிலாக அதிக மின்சாரத்தைத் தாங்கும் துணை ஸ்விட்ச்) இல்லாமல் மின்சாரம் நேராக ஸ்விட்ச் வழியே ஓடும் பழைய ஒயரிங்கில் அது ஸ்விட்சையே உருக்கிவிடக்கூடும். முதலில் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டபடி பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட்டும் ஹோல்டரில் 12.2 வோல்ட்டும் காட்டினால், வோல்ட்டேஜில் பத்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று விட்டுவிட வேண்டாம். ஹாலோஜன் பல்பில் அதனால் ஒளியில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். உப்புக் காற்று வீசும் நம் ஊரில் பெரும்பாலும் குற்றவாளி, பாடியோடு திருகியிருக்கும் எர்த் ஒயரின் பச்சை பூத்த முனை. அதைச் சுரண்டி இறுக்கினால், 60/55 வாட் பல்பே தாராளம்.

வாங்கும்போது வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்துள்ள ஐரோப்பிய ஒப்புதல் குறி இருக்கும் பல்பாக, இரு பக்கத்துக்கும் சேர்த்து ஜோடியாக வாங்குங்கள். மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. படிந்த எண்ணெய்ப் பசை சூடேறி ஆயுளைக் குறைக்கும். பிறகு சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து, இடப்பக்கம் மட்டும் மேலேற வேண்டும். பின்புற ரப்பர் மூடி வெடித்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழையில் உள்ளே நீர் கோத்தால் ரிஃப்ளெக்டர் மங்கிவிடும், இந்தப் பழைய வண்டிகளுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.