சீட் பெல்ட் போட மறுப்பவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

“பெல்ட் போட்டுக்கோங்க” என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரிடம் விபத்துக் கணக்கை எடுத்துவிடாதீர்கள், பெல்ட் உயிரைக் காக்கும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் போடாததற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. முதலில் அது என்னவென்று பாருங்கள்.

பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் உறுத்தல். உயரம் குறைந்தவர்களுக்குக் கழுத்தை அறுக்கும், தொப்பை உள்ளவர்களுக்கு வயிற்றை அழுத்தும், ஆனால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு “எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை” என்று கெத்தாக முடித்துவிடுவார்கள். இங்கே பேச்சு வேண்டாம், பெல்ட்டைச் சரிசெய்து கொடுங்கள். பல கார்களில் முன் சீட் பெல்ட் தோளுக்கு மேலே தொடங்கும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கிக்கொண்டே கீழே இறக்கினால் பட்டை கழுத்தை விட்டுத் தோள்பட்டையின் நடுவுக்கு வந்துவிடும். பொத்தான் இல்லையா, சீட்டை உயர்த்த முடிகிறதா பாருங்கள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் கிடக்கக் கூடாது, இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அதே மாதிரி, வயிற்றுக்கு அடியில்.

சிலர் வெடுக்கென்று இழுப்பார்கள், பெல்ட் பூட்டிக்கொள்ளும், உடனே “பாத்தியா, இது ரிப்பேர்” என்று கையை விட்டுவிடுவார்கள். ரிப்பேர் எல்லாம் இல்லை, வேகமாக இழுத்தால் பூட்டிக்கொள்வதுதான் அதன் வேலையே. கொஞ்சம் உள்ளே போகவிட்டு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பின் சீட். அங்கே பாதிப் பிரச்சினை பக்கிள் சீட் இடுக்கில் புதைந்து கிடப்பதுதான், ஏறி உட்கார்ந்த பிறகு யார் எழுந்து தோண்டுவார்கள்? ஆட்கள் ஏறும் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். “பின்னாடி எதுக்கு?” என்று கேட்டால், மோதும்போது அவர் உடம்பு முன் சீட்டில் இருப்பவரின் முதுகில் போய் இடிக்கும் என்று சொல்லுங்கள். தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவர்கூட முன்னால் இருக்கும் மனைவிக்காக மாட்டிக்கொள்வார்.

“பக்கத்துலதானே, கையால பிடிச்சுக்குவேன்” என்பவருக்கு: 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எந்தக் கையும் தாங்காது. தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும், கார் தீப்பிடிக்கும் விபத்துகள் மிகக் குறைவு, அப்படியே பிடித்தாலும் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடக்காதவரால்தான் இறங்கி ஓட முடியும். ஏர்பேக்கை நம்புகிறவருக்கும் நிலைமை இதுதான்: பெல்ட் இல்லாத உடம்பு முன்னால் சரிந்து, விரிந்துகொண்டிருக்கும் பையிலேயே போய் மோதும்.

“என் உயிர், என் இஷ்டம்” ஆசாமியிடம் சட்டம் பேசினால் வீம்புதான் கூடும். 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது, அதற்குப் பின் மற்ற நாடுகளில் சட்டம் வந்தபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. நீங்கள் ஸ்டியரிங்கில் இருந்தால் வேலை சுலபம், வண்டியை எடுக்காதீர்கள், அவ்வளவுதான். கோபப்படாமல், விளக்கமும் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருங்கள், கொஞ்ச நேரத்தில் அவரே மாட்டிவிடுவார். ஓட்டுகிறவரே மறுத்து, “என் டிரைவிங் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டால், “உங்க மேல இருக்கு, எதிர்ல வர்றவன் மேலதான் இல்ல” என்று சொல்லிப் பாருங்கள், அவர் மானமும் போகாது.

பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் பீப் சத்தத்தை அடக்க பக்கிளில் வெறும் கிளிப்பைச் செருகி வைத்திருக்கிறாரா? கேட்டுக்கொண்டு நிற்காமல் கழற்றிக் குப்பையில் போடுங்கள்.