காதுக்குள்ள சில்வண்டு, வெளிய ஜெனரேட்டர்: நான் பண்ண தப்பெல்லாம்

ரங்கூன்ல அனோரத்தா ரோட்டுப் பக்கம் கடை வச்சிருக்கேன், கரெண்ட் போச்சுன்னா பிளாட்பாரத்துல வரிசையா ஜெனரேட்டர் உறுமும், இப்படியே வருஷக்கணக்கா ஓடிச்சு, இப்ப ஜெனரேட்டர் நின்னாலும் என் ரெண்டு காதுலயும் சில்வண்டு மாதிரி இரைச்சல் நிக்கிறதில்ல, காதும் கொஞ்சம் மந்தமாயிடுச்சு.

முதல் தப்பு, அமைதியைத் தேடிப் போனது. ராத்திரி ஜன்னலைச் சாத்தி காதுல பஞ்சு வச்சுப் படுத்தேன், இரைச்சல் இன்னும் கூடிச்சு. வெளிச் சத்தம் குறையக் குறைய மூளை உள்ள வால்யூமை ஏத்திக்கிது, அவ்ளோதான் விஷயம். ஃபேன் ஓடட்டும், கரெண்ட் இல்லன்னா போன்ல மழைச் சத்தம், அதுவும் இரைச்சலை அமுக்குற அளவுக்கு வேண்டாம், அதுக்குக் கொஞ்சம் கீழயே இருக்கட்டும்.

அதுக்காக ஜெனரேட்டர் பக்கத்துல வெறுங்காதோட நிக்கவும் கூடாது. சத்தத்தை டெசிபல்ங்கிற அலகுல அளப்பாங்க, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் காது தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 போனா 15 நிமிஷம்தான். திஞ்சான்ல, அதான் பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுல, மேடை ஸ்பீக்கர் முன்னாடி ஆடுற பசங்க இதைக் கணக்குப் போட்டுப் பாக்கட்டும்.

பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துறது, பட்ஸ் விட்டுக் குடையறது, ரெண்டும் வேண்டாம். குடைஞ்சா அழுக்கு இன்னும் உள்ளதான் போகும். மலேரியாவுக்குக் குடுக்குற குயினைன், நிறைய டோஸ்ல ஆஸ்பிரின், இதுங்களாலயும் இரைச்சல் வரும், நீங்களா நிறுத்தாம டாக்டர்ட்ட சொல்லுங்க. திடீர்னு ஒரு காது அடைச்சுக் கேக்காமப் போனா அன்னிக்கே போங்க. ஒரு காதுல மட்டும் இரைச்சல் நிக்காம இருந்தாலோ, நாடித்துடிப்பு மாதிரி அடிச்சாலோ அதையும் தள்ளிப் போடாம காட்டுங்க.

பெரிய தப்பு டீக்கடையில நடந்தது. பையனைக் கூப்பிட ஆளாளுக்கு உச்சு உச்சுன்னு முத்தச் சத்தம் போடுறாங்க, டம்ளர் கிளிங்குது, மச்சான் என்னமோ கேட்டார், நான் சிரிச்சுட்டே "ஆமா ஆமா"ன்னேன். சனிக்கிழமை காலையில வாசல்ல கார் நிக்குது, பொண்ணு பாக்கப் போறோம்னு குடும்பமே உக்காந்திருக்கு, நான் லுங்கியில நிக்கிறேன்!

புரியாம தலையாட்டாதீங்க, வெறுமனே "ஆங்?"னும் கேக்காதீங்க, காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லுங்க: "சனிக்கிழமை எங்க?" அவர் ஒரே வார்த்தை சொன்னாப் போதும். சுத்தி இருக்கறவங்க பண்ற தப்பு, கத்துறது. ஆ, ஓ மாதிரி உயிர் ஒலியெல்லாம் எப்படியும் விழுந்துடும், மெல்லிசா வர்ற ச, த, ப தான் சத்தத்துல முங்கும், அதான் பட்டி, தட்டி, சட்டி எல்லாம் ஒண்ணாக் கேக்குது. கத்தினா அந்த உயிர் ஒலிதான் இன்னும் பெருசாகும். நிதானமா, முகத்துல வெளிச்சம் விழுற மாதிரி உக்காந்து, வாய் தெரியப் பேசச் சொல்லுங்க. ஸ்டூலை இழுத்துப் பாதி தூரத்துக்கு வந்தா குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும், காசே இல்லாத மெஷின் இது. நடுவுல உக்காராம சுவத்தோரம் போங்க.

காது மெஷின் வாங்கி டிராயர்ல போட்டதும் நான்தான். முதல் நாளே டீக்கடைக்கு மாட்டிட்டுப் போனேன், தட்டுச் சத்தம் மண்டையில இடிச்சுது, கழட்டிட்டேன். முதல்ல வீட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மாட்டணும், மூளை பழக வாரக்கணக்காகும். ரெண்டு காதுலயும் குறைன்னா ரெண்டுக்கும் போடுங்க, சத்தத்துலருந்து பேச்சைப் பிரிச்செடுக்க மூளைக்கு ரெண்டு காதும் வேணும்.

மச்சான் இப்பல்லாம் எதைக் கேட்டாலும் என் "ஆமா"வை ஒத்துக்கறதில்ல, "நான் என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்"னு டீயைக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருக்கார்.