குஞ்சு வருவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

முதல் தடவை நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களில் பலர், குஞ்சுகளை அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் எங்கே விடுவது என்று யோசிக்கிறார்கள். அதற்குள் பாதி குஞ்சுகள் குளிரில் வாடிவிடும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுக்கு அடைக்கோழியின் இறக்கை கிடையாது. அந்தச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முந்தின நாளே பல்பைப் போட்டு, தரையில் 2 அங்குலம் பரப்பிய உமியும் வெதுவெதுப்பாக இருக்கும்படி செய்துவிடுங்கள்.

பல்பு என்றதும் வீட்டில் கிடக்கும் எல்இடி பல்பை மாட்டிவிடுகிறார்கள். அது வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறைக்க வேண்டும். "நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். சித்திரை மதியத்தில் பல்பை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் விடியற்காலை 3 மணிக் குளிர் வேறு. குஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல்புக்கடியில் ஒட்டி நின்று கத்தினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள். தாய் மிதித்து ஆகாதுதான். ஆனால் தாயில்லாத குஞ்சுகள் குளிர் தாங்காமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அதனால் மூலையே இல்லாமல், ஒன்றரை அடி உயரத் தகடு அல்லது அட்டையை வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். குளிருக்குப் பயந்து கொட்டகை முழுவதையும் தார்ப்பாயால் மூடுவதும் ஆபத்து. உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். காற்றோட்டம் இல்லாமல் எச்சத்தின் நெடி தேங்கி உங்கள் கண் எரிந்தால், குஞ்சுக்கும் எரிகிறது.

தண்ணீரை ஆழமான கிண்ணத்தில் வைக்காதீர்கள், விழுந்து மூழ்கிவிடும். வேறு தட்டு இல்லையென்றால் கூழாங்கல் போட்டு வையுங்கள். வந்த உடனே கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீர், அதற்குப் பிறகு தீவனம். நாட்டுக்குஞ்சுதானே என்று நொய் மட்டும் போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். 20 சதவீதம் அளவுக்குப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனம் மிச்சமிருக்கிறது என்று அதைப் போடவே கூடாது. அதில் உள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது தடுப்பூசியை விட்டுவிடுவது. நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) நுழைந்தால் ஒரே வாரத்தில் கொட்டகையே காலியாகிவிடும். அதைத் தடுக்க 7ஆம் நாள் கண்ணில் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, 8ஆம் வாரம் ஊசி. இடையில் போட வேண்டியவற்றை உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, குஞ்சு வாங்கும் அன்றே தேதியோடு எழுதி மாட்டுங்கள். மருந்தை வெறும் பையில் வெயிலில் கொண்டு வந்தால் போட்டும் பயனில்லை, ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கலக்கிய மருந்தில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

தண்ணீர்த் தட்டைச் சுற்றி உமி நனைந்து கட்டியானால் அன்றைக்கே அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான் பெருகும்.

முதல்முறைக்கு 20 குஞ்சு போதும் என்பது என் கருத்து. பக்கத்து வீட்டில் அடைக்கோழி இருந்தால் 10 முட்டை வைத்து 21 நாள் காத்திருப்பது இன்னும் நல்லது. எப்படியானாலும், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு இரவு டார்ச்சோடு கொட்டகையைச் சுற்றி வாருங்கள். எலிப்பொந்து கண்ணில் பட்டால் முதலில் அதைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள்.