புது டீச்சரா சேர்ந்திருக்கீங்களா? மொத மாசத்துலயே கிளாஸை ஒரு வழிக்கு கொண்டு வர்றது எப்படி

பி.எட். படிக்கும்போது டீச்சிங் பிராக்டிஸ் போவோம் இல்ல, அப்போ அந்த கிளாஸோட சார் பின்னாடி சேர் போட்டு உக்காந்திருப்பாரு, பசங்க கம்முனு இருக்குங்க, நாமளும் "பரவால்லயே, நமக்கு கிளாஸ் கன்ட்ரோல் நல்லா வருதே"ன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அது அவரோட கன்ட்ரோல்னு எனக்கு தெரிஞ்சது வேலைக்கு சேர்ந்த அன்னிக்குதான். ஏழாம் வகுப்பு, கணக்கு, மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச உடனே வர்ற பீரியட், நாப்பத்திரெண்டு பசங்க. மூணாவது நாளே தொண்டை கட்டிக்கிச்சு, சுடுதண்ணி பிளாஸ்க்கோட சுத்திட்டு இருந்தேன்.

அப்புறம்தான் ஒரு விஷயம் கவனிச்சேன். கணக்கு போட்டுட்டு இருக்கும்போது சத்தம் அவ்வளவா வரல. நான் போர்டை அழிக்கிற நேரம், நோட்டு குடுக்கற நேரம், அட்டெண்டன்ஸ் எடுக்கற நேரம், அதாவது அடுத்து என்ன செய்யணும்னு பசங்களுக்கு தெரியாத அந்த ரெண்டு ரெண்டு நிமிஷத்துலதான் சந்தைக்கடை ஆகுது. ஜேக்கப் கூனின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் கிளாஸ் நடக்கறதை வீடியோ எடுத்து பார்த்துட்டு 1970ல இதையேதான் எழுதியிருக்காரு: நல்லா நடத்தறவங்களும் திணறுறவங்களும் தப்பு நடந்த பிறகு கண்டிக்கிற விதத்துல பெருசா வித்தியாசப்படல, தப்பு நடக்க விடாம முன்கூட்டியே செய்யற வேலையிலதான் வித்தியாசப்படறாங்கன்னு. ஸோ நம்ம வேலை, அந்த ஓட்டையெல்லாம் அடைக்கிறது.

ஸ்டெப் 1: ஓட்டை எங்கெங்க இருக்குன்னு எழுதுங்க

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. உள்ள வர்றது, நோட்டு வாங்கறது, திருப்பி குடுக்கறது, தண்ணி, பாத்ரூம், பென்சில் சீவறது, சீக்கிரம் முடிச்சவன் என்ன பண்றது. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல "இப்படித்தான்"னு ஒரே வரி. பத்து ரூல்ஸ் சார்ட்ல அழகா எழுதி மாட்டறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், அதை மாட்டுன நாளுக்கப்புறம் யாரும் படிக்கறதில்ல, நாமளும்தான்.

ஸ்டெப் 2: வாசல்லயே ஆரம்பிங்க

பசங்க உள்ள வரும்போது போர்டுல ரெண்டு சின்ன கணக்கு ஏற்கனவே இருக்கணும். நேத்து நடத்துனதுல இருந்து, ஈஸியா. நீங்க வாசல்ல நின்னு "வா, உக்காரு, போர்டை பாரு"ன்னு சொல்லிட்டே இருங்க, அவ்வளவுதான். அவங்க போட்டுட்டு இருக்கற நேரத்துல நீங்க தலையை எண்ணி அட்டெண்டன்ஸ் முடிச்சிடலாம், ஒவ்வொரு பேரா கூப்பிட்டு "உள்ளேன் மிஸ்" வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

ஸ்டெப் 3: நோட்டு

இதுக்கு மட்டும் நான் ஒரு வாரம் செலவு பண்ணேன், சிரிக்காதீங்க. மொதல்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், "லீடர், நோட்டை குடுத்துடு"ன்னுட்டு போர்டு பக்கம் திரும்பிட்டேன். அவன் மேல இருக்கற பேரை படிக்கறான், அந்த பொண்ணு கடைசி பெஞ்ச், அங்க நடந்து போறதுக்கு பதிலா நோட்டை வீசறான், அது நடு பெஞ்ச்ல ஒருத்தன் தலையில விழுது, அவன் எந்திரிச்சு திருப்பி வீசறான், அட்டை கிழிஞ்சிடுச்சுன்னு அந்த பொண்ணு அழுவுது. ஆறு நிமிஷம் போச்சு. நாப்பது நிமிஷ பீரியட்ல தினமும் ஆறு நிமிஷம்னா வாரத்துல அஞ்சு நாளைக்கு அரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு பீரியடே காலி.

இப்போ பண்றது இதான். நோட்டு வாங்கும்போதே பெஞ்ச் வாரியா வாங்கறேன், கடைசி பெஞ்ச்ல இருந்து முன்னாடி கைமாறி வரும், யாரும் எந்திரிக்கக்கூடாது, ஒவ்வொரு வரிசை கட்டுக்கும் ஒரு ரப்பர் பேண்டு. திருத்தும்போதும் அந்த கட்டு கலையக்கூடாது, இதுல நம்மளும் ஒழுக்கமா இருக்கணும். திருப்பி குடுக்கும்போது மொத பெஞ்ச்ல கட்டை வெச்சா போதும், தன்னோடதை எடுத்துட்டு மீதியை பின்னாடி தள்ளிடுவாங்க. இதை சொன்னா மட்டும் வராது, சும்மாவே நாலு தடவை வாங்கி குடுத்து பிராக்டிஸ் பண்ணுங்க, வாட்ச்ல டைம் பாருங்க, போர்டு மூலையில எழுதுங்க. பசங்களுக்கு டைமை முறியடிக்கறதுன்னா கபடி மாதிரி ஆயிடும். எங்க கிளாஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன்னரை நிமிஷத்துக்கு வந்துடுச்சு.

ஸ்டெப் 4: அமைதிக்கு ஒரு சிக்னல்

"சைலன்ஸ்!"னு கத்துனா அதுவும் சேர்ந்து ஒரு சத்தம்தான், டஸ்டரை டேபிள்ல அடிச்சா தூசி நம்ம மூக்குக்குத்தான் வரும். கையை தூக்கிட்டு பேசாம நில்லுங்க, பார்த்தவங்க கையை தூக்கணும், பக்கத்துல இருக்கறவனை இடிச்சு சொல்லணும். முக்கியமா, முழுசா அடங்கறதுக்குள்ள ஒரு வார்த்தை கூட பேசிடாதீங்க. பாதி சத்தத்துல பாடத்தை ஆரம்பிச்சிட்டீங்கன்னா பாதி சத்தம் ஓகேன்னு நீங்களே சொல்லிக்குடுத்த மாதிரி. மொத ரெண்டு நாள் ஒரு நிமிஷம் வரைக்கும் நிக்க வேண்டியிருக்கும், கை வலிக்கும், பொறுத்துக்கோங்க.

ஸ்டெப் 5: பேர் எழுதறதை நிறுத்துங்க

நாமெல்லாம் இதுல வளர்ந்தவங்கதான். டீச்சர் வெளிய போனதும் லீடர் போர்டுல "பேசியவர்கள்"னு தலைப்பு போட்டு எழுதுவான், அப்புறம் "அடங்காதவர்கள்", அப்புறம் "மிகமிக அடங்காதவர்கள்", ஆகாதவன் பேருக்கு பக்கத்துல பெருக்கல் குறி போட்டுக்கிட்டே போவான், தோஸ்து பேர் மட்டும் நாம உள்ள வர்றதுக்கு முன்னாடி அழிஞ்சிடும். பன்னெண்டு வயசு பையன் கையில போலீஸ் வேலையை குடுக்கறோம், கூடவே லஞ்சமும் கத்துக்குடுக்கறோம், கமர்கட்டுல இருந்து ஆரம்பிக்குது அது. லீடருக்கு சாக்பீஸ் எடுத்து வர்றது, போர்டு அழிக்கறது, ஜன்னல் சாத்தறதுன்னு வேலை குடுங்க, வாராவாரம் ஆளை மாத்துங்க.

ஸ்டெப் 6: ஒருத்தன் மட்டும் படுத்தறான்

பேரை சொல்லி கூப்பிடாதீங்க, நாப்பது பேரும் திரும்புவாங்க, அவனுக்கு ஸ்டேஜ் கெடச்சிடும். பாடம் நடத்திக்கிட்டே நடந்து போய் அவன் பெஞ்ச் பக்கத்துல நில்லுங்க. முக்கால்வாசி அதுலயே முடிஞ்சிடும். முடியலன்னா பெல் அடிச்ச பிறகு தனியா ரெண்டு வார்த்தை.

எனக்கு ஒருத்தன் இருந்தான், ஸ்கேலை டெஸ்க் விளிம்புல வெச்சு தட்டிக்கிட்டே இருப்பான், டொக்கு டொக்குன்னு பீரியட் பூரா. திமிருன்னுதான் நெனச்சேன். தனியா கேட்டா, "காலையில நாலரைக்கு எந்திரிச்சு பேப்பர் போடப் போறேன் மிஸ், சாப்பிட்டா தூக்கம் வருது, தட்டலேன்னா தூங்கிடுவேன்"ங்கறான். என்ன சொல்லுவீங்க? அடுத்த நாள்ல இருந்து எழுந்து நின்னுட்டே கணக்கு போட அவனுக்கு பர்மிஷன், சுவரோரம் ஒரு இடம். அவங்க வீட்டுலயும் பேசினோம், அது தனி கதை.

ஸ்டாஃப் ரூம்ல "ரெண்டு போடுங்க மேடம், சரியாயிடும்"னு சொல்ற சீனியர் கண்டிப்பா ஒருத்தர் இருப்பாரு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிக்கறதையும் மனசை நோகடிக்கறதையும் ரெண்டையுமே தடை பண்ணுது, ஸோ பிரம்பை கீழ வெச்சுட்டு "மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னு திட்டறதும் அதுக்குள்ளதான் வருது.

ஸ்டெப் 7: கேள்வி கேட்டுட்டு வெயிட் பண்ணுங்க

மொதல்ல கேள்வி, அப்புறம்தான் பேர். பேரை மொதல்ல சொன்னீங்கன்னா மீதி நாப்பத்தியோரு பேருக்கு லீவு. நடுவுல மூணு செகண்டாவது விடுங்க. 1970கள்ல மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் டீச்சர்களோட பேச்சை ரெக்கார்டு பண்ணி பார்த்தப்போ, பெரும்பாலானவங்க கேள்வி கேட்டு ஒரு செகண்டு மாதிரிதான் விடறாங்கன்னு தெரிஞ்சுது, அதை மூணு செகண்டா ஆக்கினதும் பதில் நீளமா வர ஆரம்பிச்சுது, "தெரியல" கொறைஞ்சுது. அப்புறம் "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்"னு ராகம் போட்டு வரும், ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

உக்கார வைக்கறது பத்தி நெறைய பேர் கேக்கறாங்க, 'ப' வடிவத்துல போடலாமான்னு. இருபது பேர்னா தாராளமா போடுங்க, நாப்பது பேர்னா நடக்க வழி இருக்கான்னு மட்டும் பாருங்க, நீங்க எல்லா பெஞ்ச்கிட்டயும் போக முடியணும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.

ஸ்டெப் 8: லீவு முடிஞ்சா திரும்ப மொதல்ல இருந்து

காலாண்டு லீவு முடிஞ்சு வந்தா எல்லாம் மறந்திருக்கும். பாடத்தை உடனே ஆரம்பிச்சிடாம சிக்னல், நோட்டு, உள்ள வர்றது எல்லாத்தையும் இன்னொரு தடவை ஓட்டுங்க. "மிஸ், இதெல்லாம் எங்களுக்கு தெரியும்"னு சலிச்சுக்குவாங்க. "அப்போ செஞ்சு காட்டு"ன்னு வாட்ச்சை பாருங்க. எங்க ஆளுங்க போன வருஷம் அக்டோபர்ல எடுத்துக்கிட்டது நாலு நிமிஷம், அதுல ஒரு கட்டு நோட்டு பக்கத்து வரிசைக்கு போய் சேர்ந்திருந்தது.